பூநாரை பார்க்கப் பஞ்சாங்கம் போதும்

ஊரிலிருந்து உறவினர்கள் மும்பைக்கு வந்தால் நாம் அழைத்துப் போகும் இடங்கள் நம் எல்லோருக்கும் மனப்பாடம். கேட்வே, மகாலட்சுமி கோயில், மாதுங்காவில் ஒரு டிபன், சாயங்காலம் ஜூஹு. இன்னும் ஒரு நாள் இருந்தால் எலிஃபண்டா. வந்தவர்களும் திருப்தியாகத் திரும்பிப் போய்விடுவார்கள். ஆனால், ஆண்டில் ஏழு மாதம் பல்லாயிரம் பறவைகள் நம் ஹார்பர் லைனுக்கு அடுத்த சேற்றில் வந்து நிற்கின்றன. அவற்றைப் பார்க்க யாரும் யாரையும் அழைத்துப் போவதில்லை. சயான், வடாலா, செம்பூர், கோவண்டி என்று நம்மவர்கள் அதிகம் வாழும் பகுதிகளெல்லாம் அந்தச் சேற்றுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன.

மும்பை ஒரு தீபகற்பம் என்பது நமக்கு எப்போதாவதுதான் நினைவுக்கு வருகிறது. ஏழு தீவுகளாகக் கிடந்ததை மண் கொட்டி நிரவி ஒன்றாக்கினார்கள். இன்று கொலாபா முனை வரை நீண்டு கிடக்கும் இந்த நிலத்துக்கு மேற்கே அரபிக்கடல். கிழக்கே துறைமுகமும், அதற்கு வடக்கே தானே கிரீக் என்னும் உப்பங்கழியும். மேற்குக் கரை எல்லோருக்கும் தெரியும், சினிமாவில் கூடப் பார்த்திருக்கிறோம். கிழக்குக் கரை சேறு. அதனால் அதை யாரும் கரை என்றே நினைப்பதில்லை.

நான் அந்தப் பக்கத்தை அறிந்தது உத்தியோகத்தின் புண்ணியத்தால். டிப்ளமா முடித்து ரயில்வேயில் பெர்மனென்ட் வே பிரிவில் சேர்ந்தவன். தண்டவாளம், ஜல்லி, கல்வெர்ட், வடிகால் இவற்றோடுதான் என் முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி இந்தியாவின் முதல் மின்சார ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை ஓடியது இந்த ஹார்பர் லைனில்தான். தடம் முழுவதும் தாழ்ந்த நிலம். மழைக்காலத்தில் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது மழை எத்தனை மில்லிமீட்டர் என்று அல்ல. ஓதம் எத்தனை மணிக்கு என்றுதான். கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால், வடிகாலில் போக வேண்டிய தண்ணீருக்குப் போக இடமில்லை. அது தண்டவாளத்தின் மீது வந்து உட்கார்ந்துவிடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அன்று பணியில் இருந்த எவனுக்கும் ஓதம் என்ற சொல்லை மறக்க முடியாது.

நம் ஊர்க் கடற்கரைகளில் வளர்ந்தவர்களுக்கு ஓதம் அவ்வளவு பழக்கமில்லை. சென்னையில் கடல் ஏறி இறங்குவது பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மும்பையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை எழும். ஓர் ஆளின் உயரத்தைப் போல மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தானே கிரீக்கில் தண்ணீர் வடிந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. ஏறினால் அதே இடம் கடல். இப்படி நாளுக்கு இரண்டு முறை. அந்தச் சேற்றில்தான் பறவைகளுக்குச் சாப்பாடு. ஆகவே பறவை பார்க்கப் புறப்படுகிறவர் ரயில் நேரத்தைவிட ஓத நேரத்தை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்குத் தனியாக அட்டவணை தேட வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் திதி போட்டிருக்கிறது அல்லவா, அது போதும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி இரண்டு நாட்களிலும் ஓதத்தின் உச்சம் ஏறத்தாழ நண்பகலிலும் நள்ளிரவிலும் வருகிறது. அதன்பின் ஒவ்வொரு திதிக்கும் சுமார் 48 நிமிடம் தள்ளிப் போகும். எனவே வளர்பிறையோ தேய்பிறையோ, திதியின் எண்ணை 48ஆல் பெருக்கினால் பன்னிரண்டு மணிக்குப் பிறகு எத்தனை நிமிடம் என்று கிடைத்துவிடும். பஞ்சமி என்றால் ஐந்து நாற்பத்தெட்டு இருநூற்று நாற்பது, அதாவது நான்கு மணி. அஷ்டமி என்றால் ஆறரைக்குச் சற்று முன். ஏகாதசி என்றால் எட்டே முக்கால். காலையிலும் அதே, மாலையிலும் அதே. அரை மணி, முக்கால் மணி முன்பின் இருக்கும். அதுவும் அஷ்டமியை ஒட்டிய நாட்களில் சற்று அதிகமாகவே பிசகும். பறவை பார்க்க இந்தத் துல்லியம் தாராளம். (கடலில் இறங்குகிறவர்கள் மட்டும் என் கணக்கை நம்பாமல் அதிகாரபூர்வமான ஓத அட்டவணையைப் பார்க்கவும்.) இந்தக் கரையின் கோலி மீனவர்களுக்குத் திதியைச் சொன்னால் ஓதத்தைச் சொல்லிவிடுவார்கள். நாம் ஏகாதசியை விரதத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பூநாரைகள் பெரும்பாலும் நவம்பர் மாதம் வரத் தொடங்குகின்றன. மழை இறங்கும்வரை, அதாவது மே கடைசி வரை இருக்கும். தண்ணீர் நன்றாக வடிந்திருக்கும்போது அவை கழியின் நடுவில், வெகு தொலைவில், ஒரு இளஞ்சிவப்புக் கோடாக மட்டும் தெரியும். ஏற்றம் தொடங்கியதும் தண்ணீர் அவற்றைக் கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வரும். உச்சத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு போய் நின்றால் நம்மை நோக்கித் தானாகவே வரும். பௌர்ணமியன்று காலை ஒன்பது மணி சரியான நேரம். பொதுவாக ஏகாதசியிலிருந்து துவிதியை வரையிலான ஞாயிற்றுக்கிழமைக் காலைகளைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வகை வருகின்றன. பெரும் பூநாரை நான்கடிக்கு மேல் உயரம், வெளுத்த ரோஜா நிறம், அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரை மூன்றடிதான். ஆனால் நிறம் ஆழமானது, அலகு முழுவதுமே கருஞ்சிவப்பு. இங்கே அதிகம் வருவது இந்தச் சின்னதுதான். கூட்டத்தில் சாம்பல் நிறமாக நிற்பவை நோய்ப்பட்டவை அல்ல, குஞ்சுகள். சிவப்பு பிறவி நிறம் அல்ல. உண்ணும் பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் உள்ள நிறப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாக இறகில் ஏறுகிறது. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை உறிஞ்சி, நாக்கைப் பிஸ்டன் போல அசைத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப்பல் போன்ற சல்லடை. எந்தப் பம்ப் கம்பெனியும் இதைவிட நல்ல ஸ்ட்ரெயினர் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

1994 வாக்கில்தான் சிவ்ரி சேற்றில் இவை பெருங்கூட்டமாக வரத் தொடங்கின. ஏன் வந்தன என்பதற்கு ஒரு விளக்கம் நமக்குக் கொஞ்சம் சங்கடமானது. நகரத்தின் கழிவுநீர் கழியில் கலந்து பாசியை வளர்த்தது. பாசி சிறு பூநாரையை அழைத்தது. எப்படியோ வந்தன, தங்கின. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் 2019இல் எடுத்த கணக்கில் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2015இல் தானே கிரீக்கில் சுமார் 1690 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022இல் அது ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மழைக்காலத்தில் எங்கே போகின்றன என்றால், பெரும்பாலும் குஜராத்துக்கு. கட்ச் வளைகுடாவுக்கு அப்பால், ரண் பாலைச் சதுப்பில் மண்ணைக் கூம்பாகக் குவித்து முட்டையிடும். நம் மும்பையில் பிறந்த சாலிம் அலி 1945இல் அங்கே போய் அந்தக் கூட்டை நேரில் கண்டவர்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இது புதிய பறவை இல்லை. சென்ற ஆண்டு தை மாதம் என் அக்காள் மகனை பாண்டுப் பக்கம் அழைத்துப் போனேன். பைனாகுலரை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தான். “என்ன மாமா, இது நம்ம கூந்தன்குளத்துக்கு வாறதுதானே? இதுக்கா காலைல அஞ்சு மணிக்கு எழுப்புனீங்க?” என்றான். ஆனால் அதன்பின் பத்தரை மணி வரை பைனாகுலரை என்னிடம் திருப்பித் தரவில்லை.

எங்கே போவது? சிவ்ரி பழைய இடம். 2024 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 21.8 கிலோமீட்டர் கடல் பாலம் அங்கேதான் தொடங்குகிறது. பாலம் கட்டிய ஆண்டுகளில் அந்தப் பக்கம் பறவை வரத்து குறைந்து, கூட்டங்கள் வடக்கேயும் நவிமும்பைப் பக்கமும் நகர்ந்தன. பாண்டுப் நீரேற்று நிலையத்தை ஒட்டிய சதுப்பு நல்ல இடம். ஐரோலியில் வனத்துறையின் கடல்சார் பல்லுயிர் மையத்திலிருந்து ஓதம் பார்த்துப் படகு விடுகிறார்கள். முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போங்கள். ஒன்றும் முடியாதவர்கள் மான்கூர்டிலிருந்து வாஷிக்கு ரயில் ஏறி, பாலத்தின் மீது போகும்போது செல்ஃபோனை மூடிவிட்டு வெளியே பார்த்தால் போதும். பத்து ரூபாய்ச் செலவு.

கரையோரக் காடு பறவைகளைவிட நிதானமானது, ஓடிப் போகாது. சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல் ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நிற்பவை அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேரே மேலே வந்து மூச்சு விடுகிறது. வெயில் ஏறியபின் இலையின் மேல் விரலைத் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். உறிஞ்சிய கடல்நீரிலிருந்து உப்பை இலை வழியாகத் துப்பிவிடுகிறது. இந்தக் கூட்டத்தில் கரைப் பக்கமாக, இலை சிவந்து உதிரும் ஒரு மரத்தையும் காணலாம். மராத்தியில் கேவா. அதுதான் நம் தில்லை. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம். இன்று சிதம்பரத்தார் அதைக் காணப் பிச்சாவரம் போக வேண்டும், நாம் கழியோரம் போனால் போதும். ஒடித்துப் பார்க்க மட்டும் வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சேற்றோரம் தரையோடு படர்ந்து, சதைப்பிடிப்பான சிற்றிலைகளோடு இருப்பது உமரி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை.

இனி ஒரு பொறியாளன் என்ற முறையில் எனக்கு உறுத்தலாக இருப்பதைச் சொல்கிறேன். ஓதம் உச்சத்துக்கு வரும்போது கழியில் நிற்க இடமிருக்காது. அந்த இரண்டு மூன்று மணி நேரம் பூநாரைகள் எங்கே போகின்றன? நெருல், சீவுட்ஸ் பக்கத்து ஆழமில்லாத குளங்களுக்குப் பறந்து போய் நின்று இளைப்பாறுகின்றன. நம் லோக்கல் வண்டிகளுக்குக் கார்ஷெட் மாதிரி. அந்தக் குளங்களுக்கும் கழியிலிருந்துதான் நீர் வர வேண்டும். ஏற்றத்தில் உள்ளே வந்து, வற்றத்தில் வெளியே போக வேண்டும். அந்த வழி பெரிய கால்வாய் ஒன்றும் அல்ல. சாலைக்கு அடியில் ஒரு குழாய், ஒரு கல்வெர்ட், அவ்வளவுதான்.

2024இல் சீவுட்ஸில் உள்ள டி.பி.எஸ். ஏரிக்கு ஓதநீர் வரும் வழிகள் அடைபட்டன. நீர் தேங்கிப் பாசி படர்ந்தது. தரையிறங்க இடம் தெரியாமல் தடுமாறிய பறவைகள் சில சாலைப் பக்கம் வந்து அடிபட்டு மாண்டன. அதே ஆண்டு மே 20 இரவு காட்கோபருக்கு மேலே ஒரு பயணிகள் விமானத்தில் மோதிச் சுமார் 40 பூநாரைகள் விழுந்தன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று அறிஞர்கள் பேசட்டும். எனக்குத் தெரிந்தது கல்வெர்ட். அடைபட்ட கல்வெர்ட்டைத் திறக்க இரண்டு நாள் வேலை, ஒரு ஜேசிபி, நாலு ஆள். ஒவ்வொரு மே மாதமும் மழைக்கு முன் நாங்கள் தண்டவாளத்துக்கு அடியில் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். திறக்க மனம் வருவதுதான் நாளாகிறது. அக்கம்பக்கத்துக் குடியிருப்பு மக்கள் விடாமல் மனு போட்டதன் பயன், 2025 ஏப்ரலில் அந்த 30 ஏக்கர் ஏரியைப் பாதுகாப்புப் பகுதியாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் கொடுத்தது. நவிமும்பையில் குடியிருக்கும் நம் சங்க உறுப்பினர்கள் மாலை நடைக்குப் போகும்போது அந்தக் குழாய்களில் நீர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தால் நல்லது. ஏற்ற நேரம் எது என்று கண்டுபிடிக்கத்தான் காலண்டர் இருக்கிறதே!

மற்ற பருவங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் கேட்வேயிலும் மரைன் டிரைவிலும் வெள்ளைக் கடற்காகங்கள் வரும். லடாக், மத்திய ஆசியப் பக்கத்துப் பறவைகள். குளிர்காலத்தில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் இருக்கும். மார்ச்சில் கிளம்பும் முன் தலை முழுவதும் பழுப்புத் தொப்பி போட்டுக்கொள்ளும். படகில் போகிறவர்கள் அவற்றுக்கு சேவும் காட்டியாவும் வீசுவது நல்ல பழக்கமல்ல. அது நமக்கே ஜீரணமாவதில்லை. மேற்குக் கரையில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் காலை ஆறு மணி வாக்கில் கடல் மிகவும் வற்றியிருக்கும். ஹாஜி அலி, கார் தாண்டா பாறைகளின் குழிகளில் கடற்சாமந்தி, சங்குக்குள் குடியிருக்கும் நண்டு, கடல்நத்தை எல்லாம் காணலாம். ஆகஸ்ட் மழையில் ஜூஹுவிலும் சௌபாத்தியிலும் நீலப் பலூன் போல் ஒதுங்குகிறதே, அதைக் குழந்தைகள் தொடக் கூடாது. அதன் வாலில் கடுமையான விஷமுள்.

ஜூன் மாதம் இரண்டாம் வாரம் மழை. ஆப்பிரிக்காவிலிருந்து சுடலைக் குயில் அதை ஒட்டித்தான் வந்து சேர்கிறது. முதல் மழை நின்ற நாலாம் நாள் தாதர் மார்க்கெட்டுக்கோ போரிவிலி ஸ்டேஷன் வாசலுக்கோ போய்ப் பாருங்கள். பால்கர், கர்ஜத் பக்கத்து ஆதிவாசிப் பெண்கள் முதல் வண்டியில் கூடை கூடையாகக் காட்டுக் கீரைகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள். நம்மவர்கள் அந்தக் கூடைகளைத் தாண்டிக்கொண்டு முருங்கைக்காய் தேடிப் போகிறார்கள்! அங்கே டாக்ளா என்று விற்பது நம் ஊர் வரப்பில் முளைக்கும் தகரைதான். குர்டூ என்பது பண்ணைக்கீரை. இளசாக இருக்கும்போது பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தால் நன்றாக இருக்கும். கண்டோலா, முள்ளுமுள்ளாக உருண்டு இருக்கும் பாகல் வகை, கசப்பு கிடையாது. சேவ்ளா என்று ஒன்று, பழுப்பும் ஊதாவுமாகக் குருத்து போல் இருக்கும். அது நம் கருணைக்கிழங்கின் உறவு. ஆகவே நாக்கு அரிக்கும். அரிப்பை எடுக்கக் காகட் என்ற சிறு காயையும் கூடவே தருவார்கள், அதைச் சேர்க்காமல் சமைக்கக் கூடாது. கருணைக்கு நாம் புளி சேர்ப்பதைப் போலத்தான். சேவ்ளா இரண்டு மூன்று வாரம்தான் கிடைக்கும். விற்கும் அம்மாளிடமே செய்முறை கேளுங்கள். மராத்தி தெரியாவிட்டாலும் கையைக் காட்டிச் சொல்லித் தந்துவிடுவார். என் வீட்டுக்காரி சமைக்கும் மூன்று மழைக்காலக் கறிகளும் தாதர் பிளாட்பாரத்தில் கற்றவை.

கடைசியாகக் கார்வி. போரிவிலி தேசியப் பூங்காவிலும் கான்ஹேரிக் குகைச் சரிவுகளிலும் ஆளுயரத்துக்கு வளரும் புதர். நம் குறிஞ்சியின் ஒன்றுவிட்ட சகோதரி. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கார்வி எட்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2008, 2016, 2024 என்று பூத்திருக்கிறது. மழை ஓயும் சமயத்தில் சரிவெல்லாம் ஊதா நிறமாகிவிடும், தேனீக்களின் இரைச்சல் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அருகில் நிற்பது போல் கேட்கும். பூத்து முடிந்ததும் செடி பட்டுப்போகும். காய்ந்த நெற்றுகள் அடுத்த ஆண்டு முதல் மழை பட்டதும் பட் பட்டென்று வெடித்து விதையைத் தெறிக்கும். பட்ட குச்சிகளை வார்லி மக்கள் வீட்டுச் சுவருக்குப் படல் கட்டி, மண்ணும் சாணமும் பூசி எடுத்துக்கொள்கிறார்கள். 2024இல் தவறவிட்டவர்கள் 2032 வரை பொறுக்க வேண்டும். அதற்குள் 2030இல் கொடைக்கானல், மூணாறு மலைகளில் குறிஞ்சியின் முறை வருகிறது. ஊருக்கு டிக்கெட் போடுகிறவர்கள் அந்த ஆண்டு கோடை விடுமுறையை விட்டு, ஆவணி புரட்டாசியில் போடுங்கள்.